ஓரின் பிட்னர் இரண்டாவதாக இறங்கிய நாள்

பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிக்கப் போவார்கள். அடித்தவன் மூன்று பேஸ்களையும் ஓடித் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். முதல் நான்கைந்து பேரை நம்பித்தான் அணி பிழைக்கும். ஒன்பதாவது ஆள் எதற்கு இருக்கிறான் என்றால், ஒன்பது பேர் வேண்டுமென்று விதி இருப்பதால் இருக்கிறான். அந்த இடத்துக்குப் போகிறவனைப் பார்த்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் சோளப்பொரி வாங்க எழுந்து போவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடம் இந்தியானாவில், பெல்மோர் என்ற மாவு மில் ஊரின் அணியில் அந்த இடம் ஓரின் பிட்னருடையது. நான் இரண்டாவதாகப் போகிறவன். என் பெயர் கெஹோ. வயது இருபத்திநான்கு. உலகமே எனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

பிட்னருக்கு முப்பத்தியொன்று. எங்கள் மட்டத்தில் அது கிழ வயது. எல்லோரும் அவனைப் பெருசு என்றுதான் கூப்பிடுவோம். பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இருந்தது எங்கள் லீக். அவன் பதினொரு வருடமாக இந்த இரண்டு படிகளிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப் என்கிற இடத்தில், அவனைப் போல் பந்து பொறுக்க ஆள் கிடையாது, அதனால் யாரும் அவனைத் துரத்தவில்லை. மட்டை பிடிக்கச் சொன்னால் நூறு தடவைக்கு இருபது தடவை அடித்தாலே பெரிது, அதனால் யாரும் அவனை மேலே கூப்பிடவும் இல்லை.

பென்சில்வேனியாவில் இருக்கிற மனைவி வெர்னாவுக்கு அந்த வசந்தத்தில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இதுதான் கடைசி வருடம். செப்டம்பரில் பெரிய கிளப்புகள் கீழேயிருந்து ஆள் எடுப்பார்கள். அப்போதும் கூப்பிடவில்லையென்றால் மச்சானின் டயர் கடையில் போய் உட்கார்ந்துவிடுவான். இதை அவன் என்னிடம் சொன்னதற்குக் காரணம், நாங்கள் இருவரும் ஒரே வீட்டின் மாடியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்ததுதான். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னான் என்பது என் சந்தேகம்.

அந்த வருடம் பார்த்து அவன் அடிக்க ஆரம்பித்தான்.

மே மாதம் முழுக்க அடித்தான். சரி, மே மாதம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஜூனிலும் அடித்தான். ஜூலை நடுவில் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்திமூன்று வந்து நின்றது. லீக்கிலேயே அவனுக்கு மேலே இரண்டே பேர்தான் இருந்தார்கள். நானெல்லாம் இருபத்தேழில் முக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் நன்றாக அடித்துக்கொண்டிருந்தால் அதைப் பற்றி அவனிடம் பேசக் கூடாது. அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் இடத்தை மாற்றக் கூடாது. மேனேஜர் வரிசையை மாற்றக் கூடாது. எங்கள் மேனேஜர் மெர்ல் டாக்கெட் இந்த விஷயத்தில் சகுனம் பார்க்கிற ஆள். ஒரே பென்சிலால், ஒரே வரிசையை, தினமும் எழுதினார். இரண்டில் கெஹோ, ஒன்பதில் பிட்னர். பென்சில் கட்டை விரல் நீளத்துக்கு வந்தும் விடவில்லை.

இவ்வளவு அடிக்கிறவன் சந்தோஷமாக இருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் பெருசுக்கு வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவான். மே மாதம் முதல் நாள் சாப்பிட்ட அதே முட்டை சாண்ட்விச்சைத்தான் தினமும் சாப்பிட்டான். அதுவும் பாதிதான் இறங்கும். பத்திரிகையில் எண்கள் வரும் பக்கத்தை நான் பிரித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், இப்படிப் பயந்து சாவதற்குப் பழையபடி அடிக்காமலே இருக்கலாமே என்று. அப்போதுதான் சொன்னான்.

"கெஹோ, நான் ஒண்ணும் புதுசா கத்துக்கல. எனக்கு நேரா வர்ற பந்துதான் அடிக்க வரும். ஒம்பதாவதா போறவன எவன்டா மதிக்கிறான்? நாலு பந்தத் தப்பா போட்டு என்னைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிட்டா அப்புறம் வர்றவங்ககிட்ட மாட்டிக்குவோம்னு பயம் அவனுங்களுக்கு. அதனால நடுவுல நேரா போட்டு என்னைச் சீக்கிரம் முடிச்சிடப் பாக்குறானுங்க. நான் அதத்தான் அடிக்கிறேன். என்னை யாராவது மதிச்சுட்டா நான் காலி."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. தான் ஏதோ திருட்டுச் சாமானை வைத்துக்கொண்டிருப்பதைப் போலவும், எந்த நேரமும் கதவு தட்டப்படும் என்பதைப் போலவும் கோடை முழுக்க நடமாடினான். பந்து வீசுகிறவர்கள் பேசிக்கொள்வார்களே, பத்திரிகையில் பெயர் வருகிறதே, எத்தனை நாளைக்கு மதிக்காமல் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்டில் கதவு தட்டப்பட்டது. எங்களுக்கு மேலே இருக்கிற பெரிய கிளப்பின் ஷார்ட்ஸ்டாப்புக்கு மணிக்கட்டு உடைந்தது. செப்டம்பருக்கு ஆள் தேவை. எம்மெட் ரூஸ் என்ற பெரியவரை அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து எடை போடுவதுதான் அவர் வேலை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஆட்டங்களும் பார்ப்பேன் என்றார். வந்ததும் டாக்கெட்டிடம் அவர் சொன்னது இது: ஒன்பதாவது இடத்து முப்பத்திமூன்றை நான் நம்ப மாட்டேன், அங்கே என்ன பந்து விழும் என்று எனக்குத் தெரியும், அவனை இரண்டாவதாக இறக்குங்கள், அதற்கப்புறம் பேசலாம்.

டாக்கெட்டுக்கு வரிசையை மாற்றுவது உயிரை விடுகிற மாதிரி. ஆனால் மேலிடம் சொல்லிவிட்டது. பிட்னர் இரண்டுக்கு வந்தான். இரண்டில் இருந்தவன் ஒன்பதுக்குப் போனான். அதாவது நான். அணியில் ஒருவன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்தவன் பரீட்சை எழுத என் நாற்காலியை எடுத்துக் கொடுத்தது போலிருந்தது. கோபம் வந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பிட்னர் நான்கு தடவை போனான், நான்கு தடவையும் அவுட். சனிக்கிழமையும் நான்கு. இரண்டாவதாக வருகிறவனை மதித்து வீசுவார்கள் என்று அவன் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு பந்துகூட நேராக வரவில்லை. எல்லாம் வளைந்து விழுந்தது, இவன் காற்றை வெட்டிவிட்டுத் திரும்பினான். ஒன்பதாவது இடத்தில் நின்ற எனக்கோ நேர்பந்துகளாக வந்து விழுந்தன. இரண்டு நாளில் மூன்று தடவை அடித்தேன். சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெருசு, நீ சொன்னது நெசம்தான்யா. அங்க நின்னா எங்க ஊர் பாதிரியார்கூட அடிப்பாரு."

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் வெர்னாவுக்குத் தொலைபேசியில் பேசும்போது, மச்சானிடம் கடையைப் பற்றிக் கேட்டு வைக்கச் சொன்னது என் காதில் விழுந்தது.

அதே சனிக்கிழமை ஆட்டத்தில் டாக்கெட் அம்பயரோடு மூக்கோடு மூக்காக நின்று கத்தி, மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கும் அதே அம்பயர்தான். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணி மேனேஜர்களும் மட்டை பிடிக்கிற இடத்தில் அம்பயரைப் பார்த்து வரிசைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று டாக்கெட் முறுக்கிக்கொண்டார். அம்பயரைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்தபடி சீட்டை எழுதி, மடித்து, என் கையில் திணித்தார்.

நான் கொண்டுபோனேன். அம்பயர் பிரித்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. இரண்டில் கெஹோ. ஒன்பதில் பிட்னர்.

டாக்கெட் மனம் மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டுத் தடவை வெறுங்கையோடு வந்தவனை எத்தனை நாள் சுமப்பது? என் இடம் எனக்கு வந்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்தது. அம்பயர் ஒரு நகலை எதிரணி மேனேஜரிடம் கொடுத்தார், சரியா என்று என்னைக் கேட்டார், சரி என்றேன். அதோடு சீட்டு சட்டமாகிவிட்டது.

பெஞ்சுக்குத் திரும்பினால் சுவரில் காலையில் ஒட்டிய வரிசை அப்படியே இருக்கிறது. இரண்டில் பிட்னர், ஒன்பதில் கெஹோ. டாக்கெட் அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். மனம் மாறவில்லை. கோபத்தில் எழுதியபோது கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. நூற்றுப் பத்து ஆட்டமாக எழுதிய வரிசையைக் கை தானாக எழுதிவிட்டது.

வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடிவிட்டார்கள். முதலில் எதிரணிதான் மட்டை பிடிக்கும். நான் இரண்டாம் பேஸ் பக்கம் நிற்கிறேன். கூப்பிடு தூரத்தில் பிட்னர். என் கண் எதிரணி பெஞ்சிலேயே இருந்தது. விதி இதுதான்: சீட்டில் உள்ளவனுக்குப் பதிலாக வேறொருவன் அடித்தால், அடுத்த பந்து வீசப்படுவதற்குள் எதிரணி எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் அடித்தது செல்லாது, சீட்டில் உள்ளவன் அவுட். அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் அப்புறம் ஆண்டவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கிறவன் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே நாங்களாகச் சொல்லிவிட்டால் தண்டனை கிடையாது, சரியான ஆள் போய் நின்றுகொள்ளலாம். அந்தச் சரியான ஆள் நான்.

அவர்கள் மூன்று பேர் அவுட்டானதும் எங்கள் முறை வந்தது, உள்ளே நடந்தோம். பிட்னரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் டாக்கெட் பக்கம்தான் திரும்பிப் பார்த்தான்.

"டாக்கெட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவனுங்களுக்கு?"

"சீட்டு அவனுங்க கையிலதான் இருக்கு. எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்." எதிரணி பெஞ்சுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன். "பெருசு, உனக்கு வேண்டியது தானா வந்திருக்கு. பேசாம ஒம்பதுக்குப் போ. யாரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

நான் எதிர்பார்த்தது அவன் பெருமூச்சு விட்டுப் பெஞ்சில் போய் உட்காருவான் என்று. கோடை முழுக்க அந்த ஒன்பதாவது இடத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துப் பாதுகாத்தவன். அவன் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரூஸின் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒம்பதாவதா நான் அடிச்சது எதையும் அந்த ஆளு நம்பலடா," என்றான். "இன்னைக்குச் சாயங்காலம் கெளம்பிடுவாரு. நீ யார்கிட்டயும் சொல்லாத. கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு."

தலையாட்டினேன்.

எங்கள் முதல் ஆள் இரண்டே பந்தில் அவுட். பிட்னர் எழுந்து போனான். நடை தள்ளாடியது, சத்தியமாகச் சொல்கிறேன், மட்டையை ஊன்றாத குறை. ஒலிபெருக்கியில் பேசுகிறவர் சுவரில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டவர், அதனால் அவன் பெயரையே அறிவித்தார். எதிரணி பெஞ்சில் யாரும் அசையவில்லை. வீசியவன் இடதுகைக்காரன், நல்ல உயரம். முதல் பந்து வளைந்து வந்தது, பிட்னர் தொடவில்லை. இரண்டாவது வளைந்து வந்தது, வீசிப் பார்த்தான், காற்று. இப்போது எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் போய் நிற்கலாம், அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மட்டையின் நுனியில் பட்டு ஓரமாகப் போனது. இனி ஒன்று தவறினால் அவுட். நான்காவது வளைந்து தரைக்கு விழ வந்தது. கோடையில் இப்படிப்பட்ட பந்துக்கு அவன் முப்பது தடவையாவது காற்றை வெட்டியிருப்பான். முழங்கால் மண்ணைத் தொடும்படி குனிந்து அடித்தான்.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வலப்பக்கமும் நடுவும் காக்கிற இரண்டு பேருக்கு நடுவே பந்து வேலி வரை உருண்டது. பிட்னர் ஓடினான், முதல் பேஸ், இரண்டாவது, தொப்பி பறந்து போயிற்று, மூன்றாவதில் நெஞ்சால் விழுந்தான். எழுந்து நின்றபோது முகமெல்லாம் செம்மண். கைகளைத் தொங்கவிட்டு நின்றான், தட்டிக்கொள்ளக்கூட இல்லை. பதினொரு வருடத்தில் அவன் அடித்த மிக நல்ல அடி அதுதான் என்று அவனுக்கும் எனக்கும் ரூஸுக்கும் தெரிந்தது. ரூஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்து விழுந்துவிட்டால் போதும். மூன்றாவது ஆளைப் பார்த்து, "போடா, சீக்கிரம் போய் நில்லு" என்று கத்தினேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். நின்றான், காலால் மண்ணைப் பறித்தான், மறுபடி பறித்தான். வீசுகிறவன் பந்தைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தான். அடி வாங்கியவன் ஆயிற்றே, அவசரப்படுவானா? போடு, போட்டுத் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் மேட்டில் ஏறினான், குனிந்து சைகை பார்த்தான், கையை மார்புக்குக் கொண்டு வந்தான்.

எதிரணி மேனேஜர் கையைத் தூக்கினார். அவசரமே இல்லாமல் படியேறி வந்தார். கையில் சீட்டு இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்பயர் தன் சீட்டை எடுத்தார், விரலை வைத்துப் பார்த்தார், மூன்றாம் பேஸைக் காட்டித் திரும்பிப் போ என்றார். அடித்தது செல்லாது. கெஹோ அவுட். மட்டையைத் தொடாமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் அவுட்டானேன். அந்த வருடத்து ஆட்டக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், பிட்னர் அடித்த அந்த அடி என் பெயரில் ஒரு அவுட்டாகத்தான் இருக்கும். கூட்டம் கத்தியது. பிட்னர் மூன்றாம் பேஸிலிருந்து நேராக நடந்து வந்தான். வழியில் விழுந்து கிடந்த தொப்பியை எடுக்க மறந்துவிட்டான்.

டாக்கெட் தான் எழுதிய சீட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சீட்டைக் கொண்டுபோன உனக்குக் கண் எங்கே போயிற்று என்று ஊர் கேட்கத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். மிச்ச ஆட்டத்தில் பிட்னர் ஒன்பதாவதாகவே போனான். அங்கே அவனுக்கு நேர்பந்து வந்தது, இரண்டு அடித்தான். ரூஸ் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். மூன்றாம் பேஸில் நின்ற அந்த ஒருவன் நினைவு எல்லோருக்கும் இருந்தது, எல்லோரும் என் மேல்தான் எரிந்து விழுந்தார்கள்.

குளித்துவிட்டு வெளியே வந்தபோது என் காருக்குப் பக்கத்தில் ரூஸ் நின்றுகொண்டிருந்தார். வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. சீட்டு தப்பா இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் தலையாட்டியிருந்தேன். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். இரண்டு நாள் என் இடம் போயிற்று, என் பெயரில் ஒரு அவுட் விழுந்தது, அணி முழுக்க என் முகத்தில் காறித் துப்பாத குறை. இத்தனையும் யாருக்காக? என்னைத் தேடி ஒரு ரூஸும் வரவில்லை. அணிக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே தன் காரியத்தைப் பார்த்த ஆட்டக்காரனை எந்தக் கிளப்பும் கையால் தொடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியும்," என்றேன். "நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் போனான்."

அப்படியா என்றார். நோட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார், கிளம்பிப் போனார். கார் கண்ணுக்கு மறையும் வரை எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறைந்ததும்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது. வீட்டுக்குப் போய் மாடி ஏறினேன். பிட்னர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், ரூஸ் யாரிடமாவது ஏதாவது கேட்டாரா என்றான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அப்புறம் பத்து நாள். வீட்டுக்காரம்மாளின் தொலைபேசி கீழே சமையலறையில் இருந்தது. பிட்னர் தினமும் காலையில் அதற்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவான். அந்தம்மாள் தக்காளி நறுக்குவாள், இவன் எதிரே உட்கார்ந்து பார்ப்பான். மணி அடித்தால் இருவரும் எழுந்து நிற்பார்கள். கூப்பிட்டது கறிக்கடையாக இருக்கும், இல்லையென்றால் அந்தம்மாளின் மகள், இல்லையென்றால் சர்ச். அவன் மறுபடி உட்காருவான். என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. அந்த அடியை ரூஸ் பார்த்திருப்பார் இல்லையா? செல்லாவிட்டாலும் பார்த்தது பார்த்ததுதானே? பார்த்திருப்பார் என்பேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பாதி வைத்த சாண்ட்விச்சும் நான் பாதி வைத்த சாண்ட்விச்சும் ஒரே தட்டில் கிடக்கும். இந்த மனிதனை நான் முடித்துவிட்டேன், அது தெரியாமல் என்னிடமே ஆறுதல் கேட்கிறான் என்று நினைக்கும்போது மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருக்கும். குதிக்கவில்லை, ஆட்டத்துக்குப் போய் இரண்டாவதாக மட்டை பிடித்தேன். டாக்கெட் வரிசையைப் பழையபடி மாற்றிவிட்டிருந்தார்.

பதினோராம் நாள் மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன். கூப்பிட்டது டாக்கெட். பிட்னர் அங்கே இருக்கிறானா, பெட்டியைக் கட்டச் சொல் என்றார். மறுநாள் மதியம் பெரிய கிளப்பில் இருக்க வேண்டுமாம். டாக்கெட் சிரித்துக்கொண்டே சொன்னார், ரூஸ் கிழவனுக்கு முதலில் மனசே இல்லையாம், ஒன்பதாவது இடத்தில் ஒளிந்துகொண்டு ஒப்பேற்றுகிற ஆள் என்றுதான் எழுத இருந்தாராம். அப்புறம், ஒளிந்துகொள்ள வழியிருந்தும் ஒளியாமல் போனவன் என்று யாரோ சொன்னார்களாம்.

அந்த யாரோ நான். அவனைக் கெடுக்க நான் சொன்ன சொல்லே அவனை மேலே கொண்டுபோய் விட்டது. பிட்னர் அந்தச் சமையலறையிலேயே வீட்டுக்காரம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதான். வெர்னாவுக்கு அவன் போன் போட்டபோது அந்தப் பக்கம் அவள் கத்தியது மாடி வரை கேட்டது.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய லீக்கில் அவன் இருபத்தாறு நாள் இருந்தான். ஏழு தடவை மட்டை பிடித்தான், ஒரு தடவை அடித்தான். குளிர்காலத்தில் டயர் கடைக்குப் போனான், இன்றும் அங்கேதான். நான் இன்னும் ஆறு வருடம் பெல்மோரிலும் அதைப் போன்ற ஊர்களிலும் இரண்டாவதாக மட்டை பிடித்தேன். எனக்காக எந்தத் தொலைபேசியும் அடிக்கவில்லை.

டாக்கெட் கூப்பிட்ட அன்றே விமான நிலையத்துக்கு அவனை என் காரில்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான், நல்ல சட்டை இல்லையே, அங்கே எந்த வாசலில் போய் நிற்பது, யாரைக் கேட்பது என்று. பயம்தான், ஆனால் முகம் மலர்ந்த பயம். வாசலில் நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்.

"ரூஸ் என்கிட்ட கேட்டாரு. உனக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். நல்லதுக்குச் சொல்லல, பெருசு. உன்னக் கவுக்கணும்னுதான் சொன்னேன்."

அவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உனக்கு இருபத்திநாலுதான் ஆகுது கெஹோ," என்றான் மெதுவாக. "எனக்கு இது ஒண்ணுதான்டா இருந்துச்சு. இதுலயா கை வெச்ச?"

பின் இருக்கையிலிருந்து அவனே பெட்டியை எடுத்துக்கொண்டான், நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டான்.